கிச்சாப்பும் படையல் மீனும்

கிச்சாப் என்பது பூனையின் பெயர். மலாயில் கிச்சாப் என்றால் சோயா சாஸ், அப்படி ஒரு கறுப்பு. அது தரையில் படுத்திருந்தால் யாரோ கிச்சாப் போத்தலைக் கவிழ்த்துவிட்டார்கள் என்றுதான் தோன்றும். பெயர் வைத்தவன் கோமளாவின் ஒரே மகன் இளங்குமரன். நீலாயில் தொழிற்சாலை வேலைக்குப் போய்வந்த காலத்தில், பஸ் நிற்கும் இடத்தில் மழையில் நடுங்கிக் கிடந்த குட்டியைச் சட்டைக்குள் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தான். பிறகு சிங்கப்பூரில் நல்ல சம்பளம் என்று, ஜொகூரில் அறை எடுத்துத் தங்கி மோட்டர் சைக்கிளில் பாலம் தாண்டி வேலைக்குப் போகிறவனாகிவிட்டான். பூனை அம்மாவோடு நின்றுவிட்டது.

பெடாஸ் டவுனிலிருந்து உள்ளே போனால் வரும், எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டம் அது. இன்னும் இடிக்காமல் விட்டுவைத்த லயன் வீடுகளில் பாதிக்கு மேல் வங்காளதேசத்துப் பையன்கள். மிச்சம் இருந்த தமிழ்க் குடும்பங்களை ஒரு கையில் எண்ணிவிடலாம். கோமளாவுக்குத் தோட்டத்து நர்சரியில் செம்பனைக் கன்றுகளுக்கு மண் நிரப்புகிற வேலை. புருஷன் எங்கே என்று கேட்பீர்கள். அவர் கேமரன் மலைக்குக் காய்கறி லாரி ஓட்டப் போனவர், அங்கேயே இன்னொரு குடும்பத்தைப் பார்த்துக்கொண்டார். அவரை விடுங்கள். கோமளாவே விட்டுவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் இளங்குமரன் வீடியோவில் கூப்பிடுவான்.

"சாப்ட்டியாமா?"

"சாப்ட்டேன்டா. நீ?"

"சாப்ட்டேன்."

அதோடு இருவருக்கும் சரக்குத் தீர்ந்துவிடும். கெட்ட பிள்ளை என்று சொல்ல முடியாது. மாதம் தவறாமல் காசு போடுகிறவன்தான். சில பிள்ளைகளுக்கு மீசை முளைத்ததும் தாயிடம் பேச வார்த்தை வற்றிவிடுகிறது, அவ்வளவுதான். கொஞ்ச நேரம் அவன் எங்கேயோ பார்ப்பான், இவள் அவன் கன்னம் ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பாள். அப்புறம் கேட்பான், "கிச்சாப் எங்கமா?"

பூனையைக் காட்டியதும் அவன் முகமே மாறிவிடும். "டேய் கருப்பா, என் தங்கம், என்னாடா இளைச்சுட்ட, அம்மா ஒனக்குச் சோறு போடலையா?" கோமளா போனைப் பூனையின் மூஞ்சிக்கு நேரே பிடித்துக்கொண்டு அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டிருப்பாள். சின்ன வயதில் அவன் அவள் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு கொஞ்சிய குரல் அது. இப்போது பூனைக்குப் போகிற வழியில் அவள் காதிலும் கொஞ்சம் விழுகிறது. பூனை எழுந்து போய்விட்டால், "சரிமா, வைக்கிறேன்" என்று வைத்துவிடுவான். அதனால் மற்றொரு கையால் அதன் கழுத்தை விடாமல் தடவிக்கொண்டே இருப்பாள். பூனை போனால் மகனும் போனான் என்பது அவளுக்குத் தெரியும். வெளியே யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பார்கள்.

ஆனால் அந்தப் பூனையை வைத்துக்கொண்டு அக்கம்பக்கத்தில் மானமாக வாழ முடியவில்லை. லயன் வீட்டைக் கட்டிய வெள்ளைக்காரன் பெரிய சிக்கனக்காரன். எல்லா வீட்டுக்கும் ஒரே கூரை, நடுவில் இடைச்சுவர் கூரையைத் தொடாமலே நின்றுவிடும். ஒரு வீட்டில் புருஷன் பெண்டாட்டி சண்டை போட்டால் மறு வீட்டில் தீர்ப்புச் சொல்வார்கள். மனிதர் கதை இப்படியென்றால் பூனையைக் கேட்கவா வேண்டும்? கிச்சாப்புக்கு அந்தச் சுவர்தான் ஹைவே, அதுவும் டோல் இல்லாத ஹைவே.

சுவருக்கு அந்தப் பக்கம் தனலெட்சுமி இருந்தாள். கோமளாவைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவள். அவள் காயவைத்த கருவாட்டைக் கிச்சாப் தின்றது. மடித்துவைத்த துணியின்மேல் படுத்து ரோமத்தை அப்பியது. கடைசி வீட்டில் இருக்கும் அவள் தம்பி மகன் புவனேஸ்வரன் புதிதாக வாங்கிய மோட்டரின் சீட்டில் நகம் தீட்டியது. அவன் பெரிய சண்டைக்காரன் இல்லை, ஆனாலும் அன்றைக்கு, "அத்தை, சொல்லு, ஒரு நாளைக்குச் சாக்குல போட்டு பெடாஸ் பாசார்ல விட்டுட்டு வந்துடுறேன்" என்று கோமளா காதுபடவே சொன்னான்.

தனலெட்சுமியின் புருஷன் முருகையா உயிரோடு இருந்தவரை சிலிப்பரைக் கழற்றி எறிவார். எறிந்தது பூனைமேல் பட்டதே இல்லை, கோமளாவின் அடுப்படியில்தான் வந்து விழும். அவள் அதை எடுத்துக்கொண்டு போய்க் கொடுப்பாள். "பூனைன்னாலே எனக்கு ஆவாதுலா கோமளா" என்பார். லாரி ஓட்டிய மனுஷன், வாய்தான் பெரிது.

அவர் செத்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. சீக்கு உப்பினால் வந்தது, சிறுநீரகம் கெட்டுவிட்டது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு பொரித்த கெம்போங் மீன் கேட்டாராம், உப்பும் மிளகாயும் தடவி மொறுமொறுவென்று. "செத்துத் தொலையணுமா?" என்று தனலெட்சுமி திட்டிவிட்டு, உப்பில்லாக் கஞ்சி காய்ச்சிவர வீட்டுக்கு வந்தாள். கஞ்சியோடு திரும்பிப் போனபோது கட்டில் காலியாக இருந்தது.

அதற்கப்புறம் பதினாறாம் நாள் படையலில் மீன் வைத்தாள். தீபாவளிக்கு வைத்தாள். பொங்கலுக்கு முன்னாலும் வைத்தாள். படையல் முறை தெரிந்ததுதான். போட்டோவுக்கு முன்னால் இலை போட்டு, போனவருக்குப் பிடித்ததையெல்லாம் பரிமாறி, சாம்பிராணி காட்டி, கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே உட்கார வேண்டும். அவர்கள் வந்து சாப்பிடுகிற நேரம் அது. பிறகு கதவைத் தட்டிவிட்டுத்தான் திறக்க வேண்டும். மற்றவர்கள் திறந்ததும் கும்பிட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்துவிடுவார்கள். தனலெட்சுமி மட்டும் இலையை உற்றுப் பார்ப்பாள். ஒரு பருக்கையாவது நகர்ந்திருக்கிறதா, மீனில் ஒரு விள்ளலாவது குறைந்திருக்கிறதா என்று பார்ப்பாள். எதுவும் குறைந்திருக்காது. படையலுக்கு ஆள் கூடினால் கிச்சாப்கூடச் செம்பனைக்குள் ஓடி ஒளிந்துவிடும்.

"கோவமா இருக்காருலா" என்று கோமளாவிடம் ஒருமுறை சொன்னாள். "கேட்டப்ப குடுக்கலல்ல. அதான் வர மாட்டேங்கிறாரு."

"செத்தவங்களுக்கு என்னாக்கா கோவம்?" என்றாள் கோமளா.

"ஒனக்கு அவரத் தெரியாது."

வருஷப் படையலுக்கு முதல் நாள் தனலெட்சுமி வந்து வாசலில் நின்றாள். உள்ளே வரவில்லை. "நாளைக்கு ஒரு நாளு அந்தச் சனியனப் பூட்டி வையி. படையல்ல வாய வச்சுதுன்னா நான் மனுசியா இருக்க மாட்டேன். புவனேஸ்கிட்ட சாக்கு ரெடியா இருக்கு."

"நாளைக்கு வெளிய விடவே மாட்டேன்க்கா. என் மேல சத்தியம்" என்றாள் கோமளா.

ஒன்று சொல்ல வேண்டும், கோமளா வாக்குத் தவறுகிறவள் இல்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையிலேயே பூனைக்கு வயிறு முட்டச் சோறு போட்டு, கோழி அடைக்கிற கூடையைக் கவிழ்த்து உள்ளே தள்ளி, மேலே அம்மிக் குழவியைப் பாரம் வைத்தாள். குளித்துவிட்டு, பக்கத்து வீட்டில் வடைக்கு அரைத்துக் கொடுத்தாள். மத்தியானம் இலை போட்டார்கள். சோறு, கோழிக்கறி, வடை, ஒரு போத்தல் ஸ்டவுட் பீர், நடுவில் இரண்டு கெம்போங் மீன், பொன்னிறமாக. கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வாசலில் உட்கார்ந்தார்கள்.

அப்போதுதான் கோமளாவின் போன் அடித்தது. சாயங்காலம் வரவேண்டிய போன். எல்லாரும் திரும்பிப் பார்க்க, அவள் சத்தத்தை அமுக்கிக்கொண்டு தன் வீட்டுக்குள் ஓடினாள்.

"சாய்ங்காலம் ஷிப்ட்டுமா, அதான் இப்பவே போட்டேன். சாப்ட்டியா?"

"இனிமேதான். நீ?"

"சாப்ட்டேன்." அவன் எங்கேயோ பார்த்தான். "கிச்சாப் எங்கமா?"

"கூடைக்குள்ள இருக்குடா. இன்னிக்குப் பெரிம்மா வீட்டுல படையல்."

"பாவம்மா. ஒரு நிமிசம் எடுத்துக் காட்டேன்."

கோமளா கூடையைப் பார்த்தாள். சத்தியம் செய்தது நினைவிருந்தது. ஒரு நிமிஷம்தானே, கையிலேயே பிடித்துக்கொண்டால் என்ன ஆகிவிடும் என்று நினைத்தாள். முடியாது என்று சொல்லியிருந்தால், "சரிமா, வைக்கிறேன்" என்பான். அடுத்த ஞாயிறுவரை அந்த வார்த்தையோடுதான் இருக்க வேண்டும். குழவியை இறக்கினாள்.

"டேய் கருப்பா. என் செல்லமே. ஜெயில்ல போட்டுட்டாங்களா ஒன்ன?" என்றான் இளங்குமரன். கோமளா ஒரு கையில் போனும் ஒரு கையில் பூனையுமாக நின்றாள். குரல் அவள் நெஞ்சுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அவள் கை கொஞ்சம் தளர்ந்திருக்க வேண்டும். சுவருக்கு மேலிருந்து பொரித்த மீன் வாசம் வந்துகொண்டிருந்தது. கிச்சாப் ஒரு உதறு உதறி, அலமாரிமேல் தாவி, அங்கிருந்து சுவருக்குப் போய், அந்தப் பக்கம் இறங்கிவிட்டது.

கூப்பிட முடியாது. சூ என்று சத்தம் போட்டால் வாசல்வரை கேட்கும். "எங்கமா போனான்?" என்று மகன் கேட்டான். இவள் சுவரின் மேல்விளிம்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். "சரிமா, ஷிப்ட்டுக்கு நேரமாச்சு" என்று அவன் வைத்துவிட்டான்.

கொஞ்ச நேரத்தில் பூனை வந்த வழியே திரும்பி வந்தது. மீசையெல்லாம் எண்ணெய். கோமளா அதைக் கூடைக்குள் தள்ளிக் குழவியைத் தூக்கி வைத்தபோதே அந்தப் பக்கம் கதவு தட்டுகிற சத்தம், திறக்கிற சத்தம், பின்னே தனலெட்சுமியின் அலறல். முடிந்தது கதை, இனிச் சாக்குதான் என்று நினைத்துக்கொண்டே ஓடினாள்.

தனலெட்சுமி இலைக்கு முன்னால் மண்டியிட்டு அழுதுகொண்டிருந்தாள். ஆனால் முகம் அழுகிற முகமாக இல்லை. சோறு அப்படியே இருந்தது, கோழி அப்படியே இருந்தது. ஒரு மீன் முழுதாகக் காணோம், இன்னொன்றில் பாதி இல்லை.

"வந்துட்டாரு" என்றாள். "மீன மட்டும் சாப்ட்டாரு பாரு. வேற எதையும் தொடல. மீன மட்டும்."

புவனேஸ்வரன் இலையைக் குனிந்து பார்த்தான். "அத்தை, பூனை கீனை வந்திருக்குமா?"

"அத கோமளா பூட்டி வச்சிருக்கா." தனலெட்சுமி திரும்பினாள். "இல்லலா?"

கோமளாவுக்குத் திருடனுக்குத் தேள் கொட்டிய நிலைமை. அந்த முகத்தைப் பார்த்தாள். ஒரு வருஷமாக அந்த முகம் இப்படி இருந்து அவள் பார்க்கவில்லை. "கூடைக்குள்ளதான்க்கா இருக்கு" என்றாள். அந்த நிமிஷத்துக்கு அது உண்மையும்தான். புவனேஸ்வரன் எட்டிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "ஆமா, குழவி மேல இருக்கு" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

தனலெட்சுமி மிச்ச மீனைப் பிட்டு எல்லார் கையிலும் வைத்தாள், அவர் சாப்பிட்ட மிச்சம் என்று. கோமளா கையிலும் ஒரு விள்ளல் விழுந்தது. பூனை எச்சில் என்று அந்த வீட்டில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு வாயில் போட்டாள். நல்ல பொரியல், உப்பு கொஞ்சம் தூக்கல்.

சொல்லிவிடலாம் என்றுதான் அன்று முழுக்க நினைத்தாள். மறுநாள் காலையில் தனலெட்சுமியே பாயாசக் கிண்ணத்தோடு வந்தாள். இந்த முறை உள்ளே வந்து உட்கார்ந்தாள். பொட்டில்லாத நெற்றி நிறையத் திருநீறு.

"கோமளா, ஒன்னு கேக்குறேன், கோவிச்சுக்காத. இத்தன நாளு சண்ட போட்டேன். இப்ப சண்ட போடல." கோமளாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "அவருக்குப் பூனைன்னா ஆவாது, ஒனக்கே தெரியும். முன்ன எல்லாம் அது இங்கயும் அங்கயும் சுத்திக்கிட்டே இருந்துச்சு, அவரு வரல. நீ பூட்டி வச்ச ஒரு நாளுதான் வந்தாரு. இனி அமாவாசைக்கு அமாவாசை வைக்கப் போறேன். அத எங்கயாச்சும் குடுத்துடுலா."

சண்டைக்கு வந்திருந்தால் அவளும் பதிலுக்குக் கொடுத்திருப்பாள், அதில் அவள் யாருக்கும் சளைத்தவள் இல்லை. கெஞ்சினால் என்ன செய்வது?

"ஒம் மவன் போன்ல வாரான், பாக்குற" என்றாள் தனலெட்சுமி. "எங்காளு இப்பிடித்தான வர முடியும்?"

உண்மையைச் சொன்னாலும் பூனைக்குச் சாக்குதான். சொல்லாவிட்டாலும் பூனை போகத்தான் வேண்டும். சொன்னால் கூடவே முருகையாவும் போய்விடுவார். கோமளா பாயாசக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள். "சரிக்கா" என்றாள். அவள் தன் வாழ்க்கையில் சொன்ன வார்த்தைகளில் அதைப்போல் கனமான வார்த்தை வேறு இல்லை.

அடுத்த ஞாயிறு மகனிடம் சொன்னாள். "வேற யாருக்கும் குடுக்க வேணாம்மா, நானே வந்து எடுத்துக்குறேன்" என்றான் அவன். கோமளாவுக்குத் தலைகால் புரியவில்லை. வருகிறான்! ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு வருகிறான். பெடாஸ் பாசாருக்குப் போய் ஆட்டுக்கறி வாங்கினாள். அவன் பழைய மெத்தையை வெயிலில் காயப்போட்டாள். கூட்டாளியின் காரை இரவல் வாங்கிக்கொண்டு மத்தியானம் வந்தான், சாயங்காலமே திரும்ப வேண்டும் என்றான். வந்ததும் பூனையைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். அம்மாவைப் பார்த்து, "என்னாமா, எளைச்சுட்ட" என்றான். அதைப் பூனைக்குச் சொல்கிற குரலில் சொல்லவில்லை.

சாப்பிட்டான். நன்றாகச் சாப்பிட்டான். அவள் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பூனை எப்படிச் சாப்பிடும், எங்கே படுக்கும், எதற்குப் பயப்படும் என்று அவன் கேட்டான், அவள் சொன்னாள். கேட்க வேறொன்றும் அவனுக்கு இல்லை. சொல்ல அவளுக்கு மலையாக இருந்தது, எதை முதலில் உருவுவது என்று தெரியவில்லை. காரில் ஏறியபோது, "மெதுவா ஓட்டு" என்றாள். கூடைக்குள்ளிருந்து கிச்சாப் கத்துகிற சத்தம் மண்ரோட்டு வளைவுவரை கேட்டது.

அமாவாசை வந்தது. தனலெட்சுமி மீன் பொரித்தாள். கதவைச் சாத்திவிட்டு இருவரும் வாசலில் உட்கார்ந்தார்கள். சுவர்மேல் நடக்க இனி ஒருவரும் இல்லை என்பது கோமளாவுக்குத் தெரியும். பூனையையும் அனுப்பிவிட்டு அதோடு இவள் புருஷனையும் அல்லவா அனுப்பிவிட்டேன் என்று நினைத்தாள். கதவைத் தட்டித் திறந்தார்கள். இரண்டு மீனும் முழுதாக இருந்தன.

தனலெட்சுமி குனிந்து இலையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "ஒருவாட்டி வந்தாருல்ல" என்றாள் கடைசியில். "கோவம் தீந்துச்சு. அது போதும்லா." அப்படித்தான் சொன்னாள், ஆனால் மீனை எடுக்கும் முன் இன்னொருமுறை புரட்டிப் பார்த்தாள். கோமளா அவளோடு உட்கார்ந்து சாப்பிட்டாள். சில உண்மைகளைச் சொல்லாமல் வைத்திருப்பதும் ஒரு பாரம்தான், மண்மூட்டையாவது இறக்கிவைக்கலாம்.

பூனை போன பிறகு வந்த முதல் ஞாயிறு போன் வரவில்லை. ஓவர்டைம் என்று ஒரு வரி மட்டும் எழுதி அனுப்பினான். அவள் நினைத்ததுதான். பூனை அங்கே இருக்கும்போது இங்கே யாரைப் பார்க்கக் கூப்பிடுவான்? மறு ஞாயிறு விளக்குப் போடும் நேரம்வரை போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தானாகக் கூப்பிட்டால் தூங்குகிறானோ, வேலையில் இருக்கிறானோ என்று விரலை எடுத்துவிட்டாள். எழுந்து உலை வைக்கப் போனபோது அடித்தது.

திரையில் மகன் இல்லை. ஒரு மெத்தை, அதன்மேல் கிச்சாப். "பாருமா" என்று போனுக்குப் பின்னாலிருந்து அவன் குரல் வந்தது. "கட்டில விட்டு எறங்கவே மாட்றான். ஒன்ன தேடுறான்னு நெனைக்கிறேன். எதாச்சும் பேசும்மா அவங்கிட்ட."

பூனையிடம் என்ன பேசுவது? இத்தனை நாள் அவள் போனைப் பிடித்தாளே தவிர அதனிடம் ஒரு வார்த்தை கொஞ்சியதில்லை. வாயைத் திறந்தாள்.

"டேய் கருப்பா" என்றாள். குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "சாப்ட்டியாய்யா? நேரத்துக்குச் சாப்புடு. கடையில கண்டதையும் வாங்கித் திங்காத, வயிறு கெட்டுரும். ராவுல கண்ணு முழிக்காத." போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்தாள். "மழையில மோட்டர்ல போவாதய்யா. அந்தப் பாலத்துல லோரியெல்லாம் வேகமா வருது. அம்மாவுக்கு இங்க படுத்தா தூக்கம் வர மாட்டேங்குது."

கிச்சாப் எந்தக் காலத்தில் மோட்டர் ஓட்டியது? அவளால் நிறுத்த முடியவில்லை.

"ஒன்ன பாக்கணும்போல இருக்குடா தங்கம். வந்தப்ப சரியாவே பாக்கல. நீ சாப்ட்டத மட்டுந்தான் பாத்தேன்."

கிச்சாப் கொட்டாவி விட்டது. எழுந்து முதுகை வளைத்து, கட்டிலிலிருந்து குதித்துப் போய்விட்டது. திரையில் வெறும் மெத்தை, கசங்கிய போர்வை. இனி வைத்துவிடுவான் என்று கோமளா போனைக் கொஞ்சம் தாழ்த்தினாள்.

அவன் வைக்கவில்லை. படம் ஒருமுறை ஆடியது, பிறகு மெல்லத் திரும்பியது. மெத்தை போய், சுவர் போய், அவன் முகம் வந்தது. எங்கேயும் பார்க்காமல் நேரே அவளைப் பார்த்தான்.

"ம்" என்றான். "சொல்லுமா."